ஆப்பிரிக்காவில் பைக் பயணம்: ஏறிய மலையும் தங்கிய வீடும் – உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வைகைக்கரை ரைடர்

தென்னாப்பிரிக்காவிலிருந்து லெசோத்தோ நாட்டுக்கு ஏறும் சானி பாஸ் மலைப்பாதை எல்லோருக்கும் தெரியும், அதை மேலும் விளக்கப் போவதில்லை. எனக்கு உறுத்துவது அதற்கு முந்தின ராத்திரி.

நைரோபியில் சித்தப்பா வீட்டிலிருந்து கிளம்பி ஏழாவது வாரம் டர்பன். கோயிலில் பார்த்த பையன் ஒருத்தன் "வீட்டுக்கு வாங்க" என்று காரை முன்னால் விட, பின்னாலேயே போய், நம்மாட்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் இரண்டு நாள் தங்கினேன். அவன் பாட்டிக்கு எண்பது தாண்டியிருக்கும். பேச்செல்லாம் இங்கிலீஷ். தமிழில் "சாப்பிடு", "போதுமா", "ஐயோ சாமி" மட்டும் மிச்சம். அந்த ராத்திரி பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த அவர் தாத்தாவின் பதிவு நகல். எண், தகப்பன் பேர், வயது, ஜில்லா வட ஆற்காடு, அப்புறம் கிராமம். கிராமத்தின் பேர்மேல் விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை. அந்த ஊர் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். "ஊருக்குப் போனதும் பார்த்துட்டுச் சொல்றேன் பாட்டி" என்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் சானியில் மதியமே இடிமழை. இரண்டு நாட்டுச் செக்போஸ்ட்டுக்கும் இடையில் 8 கிலோமீட்டர். ஒரு ஓடையில் முன்சக்கரம் உருண்டைக் கல்லில் வழுக்கி வண்டி சாய்ந்தது. ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த போன் தண்ணீரோடு போய்விட்டது. ஆடு மேய்க்கிற பையன் ஒருத்தன் ஓடிவந்து தூக்கிவிட்டான். நடுங்கிக்கொண்டு நின்ற என் தோளில் தன் கம்பளியைப் போட்டான். அதன் ஆட்டு வாடையும் கதகதப்பும் ஏறினபோதுதான் அந்தப் போட்டோ ஞாபகம் வந்தது. டர்பன் பையனின் நம்பரும் அந்தப் போனில்தான். 2,876 மீட்டர் உச்சியில் நின்று அந்த ஊர்ப் பேரை எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். "பெ" என்று ஆரம்பிக்கும். அதற்கு மேல் வரவில்லை.

ஏரிக்கரை

சானி கஷ்டம்தான். ஆனால் மலாவியில் சிட்டிம்பாவிலிருந்து லிவிங்ஸ்டோனியா ஏறும் கோரோடே பாதையையும் பார்க்கணும். 20 கொண்டை ஊசி வளைவுகள், உதிரிக் கல், கீழே மலாவி ஏரி. ஆள் ஏற்றிக்கொண்டு போனால் கல்லில் பின்சக்கரம் சுற்றும். பதினோராவது வளைவில் மனைவி இறங்கிவிட்டாள், அழுகை. தலையில் மரவள்ளிக் கூடையோடு வந்த அம்மா ஒருத்தர் கூடையை இடக்கையால் பிடித்துக்கொண்டு, வலக்கையால் இவள் கையைப் பிடித்து மேலேவரை நடத்திக் கூட்டிவந்தார். ரெண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. அவர் வீட்டிலேயே சீமா (மக்காச்சோள மாவுக் களி) கிண்டிப் போட்டார்கள். பணம் வாங்கவில்லை. அந்தக் கையின் சொரசொரப்பை இவள் இன்னும் சொல்லுவாள்.

பழைய கார்புரேட்டர்

ஏரிக்கரை, ரெண்டையும் ஒப்பிடக் கூடாது. கோரோடேயில் வெயில், சானியில் குளிர்காலமான ஜூன், ஜூலையில் பனிக்கட்டி. உயரமும் வேறு. சானிக்கு அப்பால் லெசோத்தோவின் மொகோட்லாங் ஊருக்குப் போகும் வழியில் 3,240 மீட்டரில் கோட்டிசெபோலா கணவாய் இருக்கிறது. அங்கே என் வண்டி முதல் கியரிலேயே இழுக்கவில்லை, தள்ளிக்கொண்டுதான் போனேன். என் கதை அவ்வளவுதான்.

வைகைக்கரை, கோபித்துக்கொள்ளாதீங்க, போனை ஹேண்டில்பாரில் விட்டது தப்பு. ஓடை வந்தால் முதலில் இறங்கி நடந்து பார்க்கணும். கல் எங்கே, பள்ளம் எங்கே என்று காலுக்குத் தெரியும். பிறகு முதல் கியர், த்ராட்டில் ஒரே சீராக, பார்வை அக்கரையில். தண்ணீரைப் பார்த்தால் வண்டி தண்ணீருக்குத்தான் போகும். விழுந்தால் உடனே கில் சுவிட்சை அழுத்தி இன்ஜினை நிறுத்தணும். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஸ்டார்ட் பண்ணவே கூடாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, பின்சக்கரத்தைச் சுற்றித் தண்ணீரை வெளியே தள்ளணும். ஏர் ஃபில்டரைப் பிழிந்து காயவிடணும். கார்புரேட்டர் வண்டி என்றால் உயரத்தில் காற்று மெலிந்து பெட்ரோல் கூடுதலாகப் போகும், சின்ன ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பாகம்) ஒன்று கையில் இருக்கட்டும். முக்கியமான தாளைப் போட்டோ மட்டும் எடுக்காதீங்க, நோட்டில் எழுதி வைங்க.

டர்பன் வாசி

வைகைக்கரை, அந்த எண் ஒரு இலக்கமாவது ஞாபகம் இருக்கா? 1860 முதல் 1911 வரை டர்பன் இருக்கும் இந்த நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு, கப்பல் வாரியாகப் பதிவேடு இருக்கிறது. எண் தெரிந்தால் ஆளைப் பிடித்துவிடலாம். இல்லாவிட்டால் வீட்டைத் தேடுவோம். சாட்ஸ்வொர்த்தில் எந்த யூனிட், அதாவது எந்தப் பிரிவு? பையனைப் பார்த்தது எந்தக் கோயில்? அடையாளம் ஏதாவது சொல்லுங்க, ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்க்கிறேன்.

வைகைக்கரை ரைடர்

எண் ஞாபகம் இல்லைங்க. யூனிட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டோ மேனரில் இருக்கிற உம்பிலோ அம்பலவாணர் கோயில், அங்கேதான் பையனைப் பார்த்தேன். வீடு சரிவில் இருக்கும், தெருவிலிருந்து படி இறங்கிப் போகணும். பச்சை கேட். கேட்டை ஒட்டிக் கறிவேப்பிலை மரம், ஒரு கிளை சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பாட்டி காலையில் அந்த வாசலில்தான் உட்கார்ந்திருப்பார். பார்த்தால், நான் மறக்கவில்லை என்று மட்டும் சொல்லுங்க. அந்தத் தாளை இன்னொரு போட்டோ எடுத்து அனுப்ப முடிந்தால், மறுநாளே வேலூருக்குக் கிளம்புகிறேன்.