மீண்டும் வளரும் மூளைக்கட்டியில் செல் மாற்றங்களை எப்படி அளக்கிறார்கள்?

கேள்வி:
அறுவை, கதிர்வீச்சு, டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மருந்து எல்லாம் முடிந்த பிறகும் திரும்பி வரும் கிளையோமா என்ற மூளைக்கட்டியில், செல்கள் முன்பிருந்த நிலையிலிருந்து எவ்வளவு மாறியுள்ளன என்பதை எப்படி அளக்கிறார்கள்? எம்.ஆர்.ஐ. போதாதா?

பதில் 1:
போதாது. கதிர்வீச்சுக்குப் பிந்தைய சில மாதங்களில், சிகிச்சையால் ஏற்படும் வீக்கமும் இறந்த திசுவும் ஸ்கேனில் கட்டி வளர்ந்ததைப் போலவே தோன்றக்கூடும். ஆகவே மறு அறுவையில் எடுத்த திசுவை, மெழுகில் பதித்துப் பாதுகாத்த பழைய மாதிரியோடு ஒப்பிடுவதே நம்பகமான வழி. பெருகும் செல்களில் காணப்படும் கேஐ-67 என்ற புரதத்துக்குச் சாயமேற்றி, நிறம் பிடித்த உட்கருக்களை எண்ணினால், நூற்றுக்கு எத்தனை செல்கள் பெருகும் நிலையில் உள்ளன என்பது தெரியும். ஆனால் ஒரே துண்டின் இரு மூலைகளிலேயே அந்த எண்ணிக்கை வேறுபடும் என்பதால், அதை மட்டும் வைத்து நான் முடிவுக்கு வர மாட்டேன்.

பதில் 2:
மரபணு வரிசையையும் பார்க்க வேண்டும். ஐ.டி.எச். என்ற மரபணுவில் பிறழ்வு (மாற்றம்) இருந்தால் பெரும்பாலும் அப்படியே நிலைக்கும். டெமோசோலமைடு பெற்ற சில கட்டிகளிலோ, டி.என்.ஏ. பிழையைத் திருத்தும் எம்.எஸ்.எச்.6 போன்ற மரபணுக்கள் பழுதாகி, பிறழ்வுகள் பன்மடங்கு பெருகிவிடுகின்றன. உறைந்த திசுவில் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்பதைக் காட்டும் ஆர்.என்.ஏ.வை ஒவ்வொரு உட்கருவிலும் தனித்தனியே வாசித்தால், கட்டிச் செல்களையும் அவற்றிடையே புகுந்த நோய் எதிர்ப்புச் செல்களையும் பிரித்தறியலாம்.