தை மாதம் கிளிநொச்சியிலிருந்து சஸ்கட்டூன்: என்ன கொண்டுபோவது, முதலில் எதைச் செய்வது?

விசுவமடு வெளி:
நிரந்தர வதிவிட விசா கிடைத்துவிட்டது. தை நடுவில் நாங்கள் இருவரும் ஆறு வயது மகளும் கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில் உள்ள சஸ்கட்டூனுக்குப் போகிறோம். ஆளுக்கு இரண்டு பெட்டி. ரொறன்ரோவில் இருக்கிற சொந்தக்காரர் சொல்வது அந்த ஊருக்கும் பொருந்துமா தெரியவில்லை. குளிர் உடுப்பைக் கொழும்பில் வாங்குவதா? றைஸ் குக்கர், மிக்சி கொண்டுபோகலாமா? இறங்கியதும் எந்த அலுவல் முதல், எது பிறகு? கார் உடனே வேண்டுமா? தெரிந்தவர்கள் விபரமாகச் சொல்லுங்கோ.

கனகராயன்:
தம்பி, பெட்டி கட்ட முதல் காகித வேலையை முடியுங்கோ. போன பிறகு வன்னியிலிருந்து ஒரு சான்றிதழ் எடுப்பிப்பது பெரும் பாடு.

பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள் தமிழில்தான் இருக்கும். 2009இல் எல்லாம் தொலைத்துப் பிறகு பிரதேச செயலகத்தில் புதுப்பிரதி எடுத்தவர்கள் அதை மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுக்கவேணும். இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் தனக்குத் தெரிந்தபடி ஆங்கில எழுத்துக் கூட்டுவார். ஒரு எழுத்து மாறினாலும் அங்கே 'இது வேறு ஆளா' என்ற கேள்வி வரும். இன்னொன்று, எங்கள் வழக்கில் தகப்பன் பெயர்தான் குடும்பப்பெயராக நிற்கும். ஆகவே உங்கள் மூவருக்கும் மூன்று குடும்பப்பெயர் இருக்கலாம். அது பிழையில்லை. ஆனால் வங்கி, பள்ளிக்கூடம், சுகாதார அட்டை எல்லாவற்றிலும் கடவுச்சீட்டில் உள்ள ஒழுங்கிலேயே எழுதுங்கோ. ஒரு இடத்தில் முன்பின்னாக எழுதினால் பிறகு ஒவ்வொரு பதிவாகத் திருத்தவேண்டி வரும்.

மகளின் தடுப்பூசிப் பதிவு கிளினிக் அட்டையில் இருக்கும். அட்டை இல்லையென்றால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் எழுதி வாங்குங்கோ, பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். பல்லில் ஏதும் வேலை இருந்தால் இங்கேயே செய்துவிட்டுப் போங்கோ. மாகாண சுகாதார அட்டை டொக்டர், ஆஸ்பத்திரிச் செலவைத்தான் ஏற்கும். பெரியவர்களின் பல் வைத்தியம் அதில் இல்லை.

இறங்கிய பிறகு முதல் வேலை சமூகக் காப்பீட்டு இலக்கம். சேர்விஸ் கனடா என்ற அரச சேவை அலுவலகத்தில் இலவசமாகத் தருவார்கள், ஒன்பது இலக்கம். அதில்லாமல் சம்பளம் வாங்க முடியாது. அடுத்தது வங்கிக் கணக்கு, பிறகு வீட்டு ஒப்பந்தம். ஒப்பந்தம் கையில் வந்தால்தான் மற்றவை நகரும், ஏனென்றால் சுகாதார அட்டைக்கும் பள்ளிப் பதிவுக்கும் வதிவிட அத்தாட்சி வேணும். நிரந்தர வதிவிட அட்டை தபாலில் வரும். 180 நாளுக்குள் முகவரி கொடுக்காவிட்டால் மறுபடி காசு கட்டி விண்ணப்பிக்கவேணும். பிள்ளைக்கான கொடுப்பனவுக்கு ஆர்.சி. 66 படிவத்தை முதல் மாதமே அனுப்புங்கோ.

சஸ்கச்சுவானில் வீட்டுக்காரர் வாங்கக்கூடிய வைப்புப்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. அதிலும் பாதியை முதலிலும் மீதியை இரண்டு மாதத்துக்குள்ளும் கட்டலாம். வீட்டைப் பார்க்காமல் இங்கிருந்து காசு அனுப்பவேண்டாம், அது ஏமாறுகிற வழி. ஓபன் டோர் சொசைட்டி என்ற அமைப்பு நிரந்தர வதிவிடக்காரருக்கு இந்த அலுவல்களில் இலவசமாக உதவுகிறது. வெட்கப்படாமல் முதல் கிழமையே போங்கோ.

மாங்குளம் சந்தி:
உடுப்பு பற்றி. கொழும்பில் தடித்த ஜக்கெற் வாங்கவேண்டாம். அங்கே கிடைப்பது மலைநாட்டுக் குளிருக்கானது. சஸ்கட்டூனில் தை மாதம் மைனஸ் 30 சாதாரணமாக வரும். விமானத்திலிருந்து வீடு வரைக்கும் ஒரு சுவெற்றர், தொப்பி, கையுறை, மூடிய சப்பாத்து போதும். மிச்சத்தை அங்கே வாங்குங்கோ. வலியூ வில்லேஜ் போன்ற பழைய உடுப்புக் கடைகளில் பிள்ளைகளின் பனி உடுப்பு மலிவு, பிள்ளை வளர்ந்துவிடுவதால் பலர் நல்ல நிலையிலேயே கொடுத்துவிடுவார்கள்.

ஒரு தடித்த உடுப்பைவிட மூன்று அடுக்கு மேல். உடம்போடு ஒட்டுவது கம்பளியோ பொலியெஸ்ரரோ ஆக இருக்கவேணும். பருத்தி பெனியன் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நிற்கும், அந்த ஈரம்தான் உடம்புச் சூட்டை இழுக்கும். வெயிலில் வயல் வேலை செய்து பழகியவர்கள் பனி அள்ளும்போதும் மூச்சுவிடாமல் அள்ளுவார்கள். வியர்க்கத் தொடங்கும்போதே ஜக்கெற்றின் சிப்பைத் திறந்துவிடுங்கோ. நடு அடுக்கு பிளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கைத் துணி. மேலடுக்கு காற்றுப் புகாதது. சப்பாத்து அரை அளவு பெரிதாக இருக்கட்டும், இறுக்கினால் இரத்தம் ஓடாமல் விரல் விறைக்கும். மகளுக்கு ஐந்து விரல் கையுறை வேண்டாம். விரல்கள் ஒன்றாக இருக்கும் மிற்றன்தான் சூடு தாங்கும், இரண்டு சோடி வாங்குங்கோ.

வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் காற்றுக் குளிர் எண்ணையும் (காற்றோடு சேர்த்து உடம்பு உணரும் குளிர்) பாருங்கோ. மைனஸ் 28 முதல் 39 வரை என்றால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையும். மைனஸ் 40இலிருந்து 47 வரை போனால் 5 முதல் 10 நிமிடம்தான். காது, மூக்கு நுனி, கன்னம் வெளிறி உணர்வு போனால் தேய்க்கவேண்டாம், சுடுதண்ணீரும் வேண்டாம். உள்ளே வந்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் மெல்லச் சூடாக்கவேணும். உணர்வு திரும்பாவிட்டால் டொக்டரிடம் போங்கோ.

அக்கராயன் அக்கா:
மிக்சியும் றைஸ் குக்கரும் வேண்டாம். எங்கள் மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அங்கே சுவர்ப் பிளக்கில் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். வோல்ற் பாதியானால் சூடு கால்வாசிக்கு இறங்கும், அரிசி வேகாது. மிக்சியின் மோட்டர் இழுக்க மாட்டாமல் திணறும். மின்மாற்றிப் பெட்டி வாங்கி ஓட்டுகிற காசுக்கு அங்கேயே புதிது வாங்கலாம். போன் சார்ஜர், லப்டொப்புக்கு 100 முதல் 240 என்று எழுதியிருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். இடத்தை மிச்சம் பிடித்து இடியப்ப உரல், புட்டுக்குழல், வறுத்த மிளகாய்த்தூள், சிவப்பரிசி மா கொண்டுபோங்கோ. சாப்பாட்டுச் சாமான் எதுவானாலும் விமான நிலையத்தில் கேட்கும்போது 'இருக்கிறது' என்று சொல்லுங்கோ. இறைச்சி வேண்டவே வேண்டாம்.

அங்கே வீட்டுக்குள் ஒருவரும் முதலில் எதிர்பாராதது வறட்சி. வெளிக்காற்றில் ஈரம் இல்லை, அதைச் சூடாக்கும்போது இன்னும் காயும். பிள்ளைக்கு மூக்கில் இரத்தம் வரும், உதடு வெடிக்கும். குளித்த ஈரம் போக முதல் எண்ணெய் பூசுங்கோ. வீடு 21 பாகையில் இருப்பதால் தேங்காயெண்ணெய் எப்போதும் கட்டியாகவே இருக்கும், அகன்ற வாய்ப் போத்தலில் வையுங்கோ. ஈரப்பதம் கூட்டும் கருவி நல்லது, ஆனால் கூட்டிக்கொண்டே போகக்கூடாது. வெளியே மைனஸ் 30 என்றால் உள்ளே ஈரப்பதம் 20 வீதத்துக்குமேல் போகவிடவேண்டாம். மிஞ்சினால் யன்னலில் நீர் பிடித்து உறையும், உருகும்போது சட்டம் நனைந்து பூஞ்சணம் பிடிக்கும். புட்டும் இடியப்பமும் அவிக்கிற வீடுகளில் இது கட்டாயம் நடக்கும். ஆவி வரத் தொடங்க முதலே அடுப்புக்கு மேலுள்ள காற்றாடியைப் போட்டு, இறக்கிப் பத்து நிமிடம் வரைக்கும் ஓடவிடுங்கோ. தாளிக்கும்போதும் அதேதான், இல்லையென்றால் புகை அலாரம் அலறும். அலறுகிறதென்று அதன் பற்றரியைக் கழற்றவேண்டாம். மணமில்லாத நச்சுவாயுவைக் காட்டித்தரும் காபனோரொக்சைட்டு அலாரம் இருக்கிறதா என்று வீடு பார்க்கும்போதே கேளுங்கோ.

வீடு திடீரென்று குளிர்ந்தால் முதலில் சூடாக்கியின் வடிகட்டியைப் பாருங்கோ. தூசி அடைத்தால் காற்று ஓடாமல் இயந்திரம் மிகச் சூடாகித் தானாக நிற்கும். அளவு வடிகட்டியின் ஓரத்திலேயே அச்சடித்திருக்கும். குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை கழற்றிப் பாருங்கோ. அடுத்தது, வெளிச்சுவரில் உள்ள புகைக் குழாய் பனியால் மூடியிருக்கிறதா என்று பாருங்கோ.

விசுவமடு வெளி:
மிகவும் நன்றி அக்கா, அண்ணாமார். கார் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே?

கனகராயன்:
முதல் மாதம் வேண்டாம். பஸ் பாதையில் வீடு எடுங்கோ.

முறிகண்டி வீதி:
அண்ணை சொல்வதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. இரவு வேலை கிடைத்தால் பஸ்ஸை நம்ப முடியாது. புதிதாக வருபவர் இலங்கை உரிமத்தோடு 90 நாள் ஓட்டலாம். ஆனால் அந்த நாட்களை வீணாக்காமல் எஸ்.ஜி.ஐ.யில் (மாகாணத்தில் சாரதி உரிமம் கொடுக்கும் நிறுவனம்) எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் எடுங்கோ. எங்கள் உரிமத்தை நேரே மாற்றித் தர மாட்டார்கள். அங்கே வலப்பக்கம் ஓட்டுவது, திரும்பும் சந்திகளில்தான் பழைய பழக்கம் இழுக்கும். ஒரு பயிற்றுநரிடம் சில மணித்தியாலம் ஓடிவிட்டுப் பரீட்சைக்குப் போங்கோ.

பழைய கார் வாங்கும்போது முன்பக்கத்தில் ஒரு பிளக் வயர் தொங்குகிறதா பாருங்கோ. அது எஞ்சினைச் சூடாக்கும் பிளொக் ஹீற்றர். கடுங்குளிரில் எஞ்சின் ஒயில் தடிக்கும், அதே நேரம் பற்றரியின் வலுவும் குறையும், அதனால்தான் ஸ்ராட் எடுக்காது. மைனஸ் 15க்குக் கீழே போனால் புறப்பட மூன்று நான்கு மணித்தியாலம் முன் செருகுங்கோ. ரைமர் போட்டால் இரவு முழுக்கக் கரன்ற் போகாது. வாடகை வீட்டுத் தரிப்பிடத்தில் அதற்குப் பிளக் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று ஒப்பந்தத்துக்கு முன் பாருங்கோ. கண்ணாடி கழுவும் திரவம் மைனஸ் 40 என்று எழுதியதாக இருக்கவேணும். பெற்றோல் அரைத் தாங்கிக்குக் கீழே இறங்கவிடாதேங்கோ.

மாகாணத் தலைநகர் றெஜைனாவுக்குப் போகும் 11ஆம் நெடுஞ்சாலை ஏறக்குறைய 260 கிலோமீற்றர், திறந்த வெளி, காற்றை மறிக்க ஒன்றுமில்லை. போர்வை, மண்வெட்டி, மெழுகுதிரி, தீப்பெட்டி பின்னால் இருக்கட்டும். பனியில் சிக்கினால் காரைவிட்டு இறங்கி நடக்கவே கூடாது. காரின் புகைக் குழாயைச் சுற்றிப் பனியை அள்ளிவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, ஒரு யன்னலைச் சற்றுத் திறந்து வைத்துக்கொண்டு உதவி வரும்வரை உள்ளேயே இருங்கோ.

விசுவமடு வெளி:
கடைசியாக ஒன்று. அம்மா இங்கே தனிய. எந்த நேரம் போன் எடுத்தால் இரு பக்கமும் வசதி?

அக்கராயன் அக்கா:
சஸ்கட்டூனில் மணிக்கூட்டை வருடத்தில் ஒருமுறையும் மாற்றுவதில்லை. இலங்கை நேரத்துக்குப் பதினொன்றரை மணித்தியாலம் பிந்தியே எப்போதும் நிற்கும். அங்கே காலை ஏழு என்றால் கிளிநொச்சியில் அதே நாள் பின்னேரம் ஆறரை, அம்மா விளக்கு வைத்துவிட்டு இருக்கிற நேரம். ரொறன்ரோ ஆட்களோடு கதைக்கத்தான் கவனம்: குளிர்காலத்தில் அவர்கள் ஒரு மணித்தியாலம் முன், கோடையில் இரண்டு.