முகத் தோலுக்கு எந்த ஊசி: கரைக்க முடிவதா, நீடித்து நிற்பதா?

மல்லேஸ்வரம்_வாசகி:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 49. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பிறகு, கசக்கி விரித்த மெல்லிய காகிதத்தைப் போல என் கன்னங்களில் நுண்ணிய கோடுகள் விழத் தொடங்கியிருக்கின்றன. கன்ன மேட்டில் மங்கு என்னும் கருந்திட்டும் படர்ந்திருக்கிறது. வரும் ஆவணியில் மகளின் திருமணம். தை இப்போதுதான் பிறந்திருப்பதால் ஏறத்தாழ ஏழு மாதம் கையில் இருக்கிறது. இங்கே பெங்களூரில் இரண்டு தோல் மருத்துவர்களைப் பார்த்தேன். ஒருவர் ஹைலுரானிக் அமில ஊசியான புரோஃபைலோவையும், மற்றவர் தோலைத் தாங்கும் புரதமான கொலாஜனைத் தூண்டும் ஸ்கல்ப்ட்ராவையும் பரிந்துரைத்தனர். ஓர் அழகு நிலையத்தில், சால்மன் மீனிலிருந்து எடுக்கும் பாலிநியூக்ளியோடைடு ஊசியோடு, தோலை வெளுக்கச் செய்யும் என்று விற்கப்படும் குளூட்டாதயோன் ஊசியையும் சேர்த்து ஒரே பேக்கேஜாகத் தருவதாகச் சொன்னார்கள். மூவரும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் சொல்கிறார்கள். எதை அளவுகோலாக வைத்து நான் முடிவெடுப்பது?

இந்திராநகர்த்_தோழி:

சகோதரி, உங்கள் வயதும் உடல்நிலையுமே பாதி விடையைச் சொல்லிவிடுகின்றன. மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாண்டுகளில் தோலிலுள்ள கொலாஜனில் சுமார் 30 சதவீதம் குறைகிறது என்பது தோல் மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. உங்களுக்குக் குறைந்துகொண்டிருப்பது ஈரப்பதம் மட்டுமல்ல, தோலைத் தாங்கி நிற்கும் கட்டுமானமே குறைகிறது. ஹைலுரானிக் அமிலம் நீரைப் பிடித்து வைத்துச் சில மாதங்களுக்குப் பொலிவைத் தரும். ஆனால் 70 கிலோ எடையுள்ள ஓர் உடலில் இருக்கும் சுமார் 15 கிராம் ஹைலுரானிக் அமிலத்தில் மூன்றில் ஒரு பங்கு நாள்தோறும் சிதைந்து புதிதாக உருவாகிறது என்னும்போது, வெளியிலிருந்து செலுத்துவதும் நெடுநாள் தங்காது என்பது புரியும்.

ஸ்கல்ப்ட்ராவில் இருப்பது பாலி-எல்-லாக்டிக் அமிலம். அதன் நுண்துகள்கள் கரைந்துகொண்டிருக்கும்போதே, தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் தூண்டப்பட்டுப் புதிய கொலாஜனை உருவாக்குகின்றன. பலன் தெரியச் சில மாதங்களாகும். தெரிந்த பிறகு இரண்டாண்டு வரை நிற்கும். எனக்கு இங்கே ஒரு மருத்துவரிடம் செய்துகொண்டதில் மனநிறைவு உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் ஊசி போட்டு, ஒவ்வொரு முறையும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் கட்டிக்கொண்டிருப்பதைவிட இது மேல் என்பது என் உறுதியான கருத்து.

மருந்தியல்_ஓய்வாசிரியர்:

அம்மா, தோழி சொன்ன உடலியல் சரியானது. ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவை நான் ஏற்கவில்லை. முகத்தில் செலுத்தும் எந்தப் பொருளைப் பற்றியும் நான் முதலில் கேட்கும் கேள்வி, அது எத்தனை நாள் நிற்கும் என்பதல்ல. பிழை நேர்ந்தால் அதை எப்படி வெளியேற்றுவது என்பதுதான். ஹைலுரானிக் அமிலத்துக்கு ஹைலுரானிடேஸ் என்னும் நொதி இருக்கிறது. தவறான இடத்தில் தேங்கியதையோ, ரத்தக்குழாயை அடைத்ததையோ அதைச் செலுத்திக் கரைக்க முடியும். பாலி-எல்-லாக்டிக் அமிலத்துக்கும், ரேடியஸ் என்ற இன்னொரு கொலாஜன் தூண்டும் ஊசியில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட்டுக்கும் அப்படியொரு மாற்று மருந்து கிடையாது. தோலுக்கடியில் முடிச்சு விழுந்தால், அது பல மாதங்கள் கழித்தும் விழக்கூடும், அதை எளிதில் கரைத்துவிட முடியாது. நீண்ட காலம் நிற்பது பலனுக்கு மட்டும் பொருந்தும் குணமல்ல, பக்கவிளைவுக்கும் அதே ஆயுள்தான்.

மேலும், ஸ்கல்ப்ட்ராவுக்கு அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2004-இல் முதலில் ஒப்புதல் தந்தது, ஹெச்.ஐ.வி. பாதிப்பால் கன்னம் ஒட்டிப்போனவர்களுக்காக. 2009-இல் அழகுச் சிகிச்சைக்குத் தந்ததும் மூக்கோரத்திலிருந்து வாய் வரை இறங்கும் ஆழமான மடிப்புகளுக்காகத்தான். பள்ளத்தை நிரப்ப வந்த பொருளை, பள்ளமே இல்லாத கன்னத்தின் மெல்லிய கோடுகளுக்கு எதற்காகப் பரிந்துரைக்க வேண்டும்?

இந்திராநகர்த்_தோழி:

ஐயா, ஒப்புதலின் வரலாறு 2009-உடன் நின்றுவிடவில்லை. 2023-இல் அதே எஃப்.டி.ஏ., கன்னப் பகுதியின் நுண்கோடுகளுக்கும் சுருக்கங்களுக்கும் ஸ்கல்ப்ட்ராவை ஏற்றுக்கொண்டது. கேள்வி கேட்ட சகோதரியின் குறை துல்லியமாக அதுவேதான். முடிச்சு பற்றிய அச்சமும் பெரும்பாலும் தொடக்க கால அனுபவத்திலிருந்து வந்தது. அப்போது பொடியைக் குறைந்த நீரில் கலக்கி அடர்த்தியாகச் செலுத்தினார்கள். இப்போது ஒரு குப்பிக்கு 8 மி.லி. நீர் கலந்து, மரத்துப்போகும் மருந்தையும் சேர்த்து, சரியான ஆழத்தில் பரப்பிச் செலுத்துகிறார்கள். பிறகு ஐந்து நாட்களுக்கு, நாளுக்கு ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் முகத்தைத் தேய்த்துவிடச் சொல்கிறார்கள். இதையெல்லாம் முறையாகச் செய்யும்போது முடிச்சுகள் அரிதாகிவிட்டன.

மருந்தியல்_ஓய்வாசிரியர்:

2023-ஆம் ஆண்டின் ஒப்புதலை நான் மறுக்கவில்லை. அதே ஆண்டு மே மாதத்தில், கன்னத்தின் வழவழப்புக்காக ஸ்கின்வைவ் என்ற ஹைலுரானிக் அமில ஊசிக்கும் எஃப்.டி.ஏ. ஒப்புதல் தந்தது, அதன் பலன் ஆறு மாதம் வரை நிற்கும் என்பதே அந்த ஒப்புதலின் அடிப்படை. ஆக, ஒரே குறைக்கு இரண்டு வழிகள் ஏற்கப்பட்டுள்ளன. ஒன்றைத் திரும்பப் பெற முடியும், மற்றொன்றைத் திரும்பப் பெற முடியாது. முதல் முறையாக முகத்தில் ஊசி போட்டுக்கொள்பவர், தம் தோல் எப்படி எதிர்வினை காட்டும் என்றே தெரியாத நிலையில், திரும்பப் பெற முடியாததிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்? அரிதாகிவிட்டது என்ற சொல், அந்த அரிதானவருக்கு ஆறுதல் தராது.

ஒயிட்ஃபீல்டு_செவிலி:

நான் ஒரு தோல் மருத்துவமனையின் சிகிச்சை அறையில் பணியாற்றுகிறேன். இருவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே மங்கைக் கடந்து போய்விட்டீர்கள், அக்காவின் முகத்தில் முதலில் கவனிக்க வேண்டியது அதுதான். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் ஊசி குத்திய இடம் கன்றினாலோ அழற்சி கண்டாலோ அங்கே கருமை தங்கிவிடக்கூடும். ஏற்கெனவே மங்கு இருப்பவருக்கு அந்த வாய்ப்பு இன்னும் கூடுதல். இந்த ஊசிகளில் எதுவும் மங்குக்கான சிகிச்சை அல்ல. போடாக்ஸும் அப்படித்தான். அது தசையைத் தளர்த்தி நெற்றிக் கோட்டையும் கண்ணோரக் கோட்டையும் மூன்று நான்கு மாதங்களுக்குக் குறைக்கும், அவ்வளவுதான்.

பெங்களூர் குளிர்ந்த ஊர் என்ற எண்ணத்தில் இங்கே பலர் சன்ஸ்கிரீன் போடுவதில்லை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். காற்று குளிர்ந்திருந்தாலும் புறஊதாக் கதிர் குறைவதில்லை, மாசி முதல் சித்திரை வரை அது மிகவும் கடுமையாக இருக்கும். மங்குக்கு வெறும் சன்ஸ்கிரீனைவிட அயர்ன் ஆக்சைடு கலந்த, நிறம் சேர்ந்த சன்ஸ்கிரீன் மேலானது. ஏனெனில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டுகிறது, நிறமற்ற சன்ஸ்கிரீன் அந்த ஒளியைத் தடுப்பதில்லை. அதோடு இரவில் டிரெட்டினாயின் களிம்பை மருத்துவர் சொல்லும் அளவில் சில மாதங்கள் பயன்படுத்தினால் கருமையும் குறையும், நுண்கோடுகளும் ஓரளவு குறையும். பிறகு எந்த ஊசி தேவை என்று பார்க்கும்போது, பெரும்பாலும் முன்பு நினைத்ததைவிடக் குறைவாகவே தேவைப்படும்.

அழகு நிலையத்தின் பேக்கேஜை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அக்கா. தோலை வெளுக்கச் செய்வதற்கென்று எஃப்.டி.ஏ. எந்த ஊசி மருந்தையும் அங்கீகரித்ததில்லை. பாலிநியூக்ளியோடைடு நம்பிக்கை தரும் பொருள்தான், ஆனால் அதற்கான ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். அதைவிட முக்கியம், யார் கையால் ஊசி போடப்படுகிறது என்பது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையத்தில் பி.ஆர்.பி. (சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த பகுதியை முகத்தில் செலுத்தும் சிகிச்சை) செய்துகொண்ட பெண்களுக்கு ஹெச்.ஐ.வி. தொற்றியதை அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-இல் விரிவாக வெளியிட்டது. அங்கே சொந்த ரத்தத்தை எடுத்துத்தான் சிகிச்சை செய்தார்கள். மருந்தில் தவறில்லை, ஊசியையும் குப்பியையும் கையாண்ட விதத்தில்தான் தவறு.

மல்லேஸ்வரம்_வாசகி:

மூவருக்கும் மிக்க நன்றி. அழகு நிலையத்தை விட்டுவிட்டேன். சன்ஸ்கிரீனையும் களிம்பையும் இந்த வாரமே மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குகிறேன். ஆனால் மங்குக்காகச் சில மாதங்கள் காத்திருந்தால், திருமணத்துக்கு முன் ஸ்கல்ப்ட்ராவுக்கு நேரம் இருக்குமா? இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு உண்டு. அது உடலின் எதிர்ப்பாற்றல் தைராய்டையே தாக்கும் ஹாஷிமோட்டோ வகை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், மாத்திரை எடுத்துக்கொண்டு அளவு சரியாக இருக்கிறது.

இந்திராநகர்த்_தோழி:

அதனால்தான் காத்திருக்க வேண்டாம் என்கிறேன். ஸ்கல்ப்ட்ராவை மாத இடைவெளியில் இரண்டு மூன்று முறை செலுத்த வேண்டும். அதற்குப் பிறகு கொலாஜன் உருவாகவும் சில மாதங்கள் வேண்டும். தையிலும் மாசியிலும் தொடங்கினால் ஆவணியில் முகம் அதன் நல்ல நிலையில் இருக்கும். சித்திரைக்குத் தள்ளினால் கைவிட வேண்டியதுதான். சன்ஸ்கிரீனை உடன் தொடங்கிக்கொண்டு, மங்கு படர்ந்த இடத்தை விலக்கி, கன்னத்தின் கீழ்ப்பகுதியில் மழுங்கிய முனையுள்ள மெல்லிய குழாயான கேனுலாவால் செலுத்தச் சொல்லலாம். ஒரு துளை வழியாகவே பரப்ப முடிவதால் குத்துகளும் குறையும், கன்றலும் குறையும்.

மருந்தியல்_ஓய்வாசிரியர்:

திருமணத் தேதியை வைத்துத் திரும்பப் பெற முடியாத ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைவிடக் கவலைக்குரிய காரணம் வேறில்லை. உடல் தன்னையே தாக்கும் நோய் உள்ளவருக்கு, வேண்டுமென்றே அழற்சியைத் தூண்டிக் கொலாஜனை வரவழைக்கும் பொருளைச் செலுத்துவதா என்பதைத் தைராய்டு மருத்துவரும் தோல் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். நோய் கட்டுக்குள் இருப்பவர் பலர் தொல்லையின்றிச் செய்துகொள்கிறார்கள் என்பதை அறிவேன். ஆனாலும் இங்கே உங்களுக்கு எதிரில் இருப்பது மருத்துவர்களுக்கிடையே ஒருமித்த கருத்து இல்லாத கேள்வி.

புரோஃபைலோவின் கணக்கைப் பாருங்கள். 2 மி.லி.யில் 64 மி.கி. ஹைலுரானிக் அமிலம், பெரிய மூலக்கூறும் சிறிய மூலக்கூறும் சரிபாதி, வேதிப்பொருள் கொண்டு பிணைக்காமல் வெப்பத்தால் இணைத்தது. ஒரு கன்னத்துக்கு ஐந்து குத்து, ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை. பங்குனி வரை களிம்பைத் தொடர்ந்து, வெயில் தணியும் ஆனியில் முதல் ஊசி, ஆடியில் இரண்டாவது என்று வைத்தால், முகூர்த்தத்துக்கு முன் வீக்கமும் கன்றலும் ஆற மூன்று வாரம் மிஞ்சும். பலன் குறைவாகத் தோன்றினால் இழப்பது பணம் மட்டுமே.

ஒயிட்ஃபீல்டு_செவிலி:

அக்கா, எதைத் தேர்ந்தெடுத்தாலும் சில கேள்விகளைக் கூச்சமில்லாமல் கேளுங்கள். குப்பியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள ஸ்டிக்கரை உங்கள் கோப்பில் ஒட்டச் சொல்லுங்கள். 2024-இல் அமெரிக்காவிலேயே போலி போடாக்ஸ் புழங்கியதாக எஃப்.டி.ஏ. எச்சரித்தது, ஆகையால் இது அதிகப்படியான கவனம் அல்ல. கர்நாடகத் தனியார் மருத்துவ நிலையங்கள் சட்டப்படி பெற்ற பதிவு எண்ணைப் பாருங்கள். ஹைலுரானிடேஸ் இதே அறையில் இருக்கிறதா என்று கேளுங்கள். வேறு கிளையிலிருந்து வரவழைப்போம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஊசிக்குப் பிறகு தோல் வெளுத்தாலோ, வலைபோல் ஊதா நிறம் படர்ந்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. பார்வை மங்கினால் நிமிடக் கணக்கில் விரைய வேண்டும். ஆஸ்பிரினோ மீன் எண்ணெய் மாத்திரையோ எடுத்துக்கொண்டால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பேக்கேஜ் விற்கும் அவசரம் இல்லாத ஒருவரின் கருத்து வேண்டுமென்றால், பௌரிங் மருத்துவமனையின் தோல் பிரிவு போன்ற மருத்துவக் கல்லூரிப் புறநோயாளிப் பிரிவில் ஒருமுறை முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள்.

இந்திராநகர்த்_தோழி:

தைராய்டு பற்றி ஐயா சொன்னதை ஏற்கிறேன். அந்த இரு மருத்துவர்களும் வேண்டாம் என்றால் என் பரிந்துரையும் அங்கேயே நிற்கிறது. ஆனால் அவர்கள் தடையில்லை என்று சொன்னால், புரோஃபைலோவைப் போட்டுக்கொண்டு ஆவணி முடிந்ததும் கதை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள், சகோதரி. ஐம்பதுக்குப் பிந்தைய ஆண்டுகளிலும் கொலாஜன் குறைந்துகொண்டுதான் இருக்கும். திருமணம் முடிந்த பிறகு, மங்கு அடங்கிய நிலையில், மார்கழிக் குளிரில் ஸ்கல்ப்ட்ராவை மீண்டும் பரிசீலியுங்கள். இன்றே ஒரே வெளிச்சத்தில், மூன்று கோணங்களில் முகத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊசி என்ன செய்தது என்பதை அதைக் கொண்டுதான் நீங்கள் சரிபார்க்க முடியும்.