வட்டைக்குள்ள (வயல்வெளிக்குள்ள) கார் கொண்டுபோனா அது ஓப்ரோட்டா?

களுவாஞ்சிப் பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். கனடாவில இருந்து மாமா ஆக்கள் ஆகஸ்டில வாறாங்க, ஓடித்திரிய கொழும்பில ஒரு வேகன்ஆர் கார் வாடகைக்குப் பேசியிருக்கம். அக்ரிமென்ட்ட வாசிச்சுக்கொண்டு போனா ஓப்ரோட் (off-road) ஓடினா இன்சூரன்ஸ் இல்ல, சேதத்த எடுத்த ஆக்கள்தான் கட்டணும் எண்டு ஒரு வரி கிடக்கு, ஆனா ஓப்ரோட் எண்டா எது எண்டு எங்கயும் எழுதல்ல. எங்கட வயல் வெல்லாவெளிப் பக்கம், பட்டிருப்புப் பாலம் தாண்டிப் போய்க் கிறுகினா முதல்ல கிரவல், மறுகா வாய்க்கால் ஓரமா மெசின் (ட்ரக்டர்) போற தடம். மாமா வயலப் பாக்காமப் போகமாட்டார். அதோட ஒகந்தை முருகனுக்கும் நேத்தி இரிக்கி. இதில எது ஓப்ரோட், எது வெறும் மண் ரோட்டு? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

டபுள்கெப்:
தம்பி, தார் இல்லாட்டி ஓப்ரோட் எண்டு சொல்றது சரிவராது. அப்பிடிப் பாத்தா படுவான்கரையில (வாவிக்கு மேற்குப் பக்கத்து ஊருகளில) பாதிச் சனம் பிளட்டினா பைக்கிலயும் ஓட்டோவிலயும் தினமும் ஓப்ரோட் தான் ஓடுது. முன் சில்லு மட்டும் இழுக்கிற சாதாரணக் கார் அடி தட்டாம போய்வருமெண்டா அது ரோட்டு, ஃபோர் வீல் போட்டு லோ கியரில ஏத்தினாத்தான் அசையும் எண்டா ஓப்ரோட், என்ட கணக்கு அவ்வளவுதான். வேகன்ஆருக்குக் கீழ இடைவெளி 6 இஞ்சி அளவுதான் வரும், நாலு பேரும் சூட்கேசும் ஏறினா அதுவும் குறையும். கிரவலுக்குத் தாராளமாக் காணும், மெசின் தடத்துக்கு நான் விடமாட்டன்.

கிளெய்ம் பாக்கிறவன்:
மேல சொன்னது ஓட்டுற ஆளுக்குச் சரி, ஆனா பேப்பருக்கு அது செல்லாது. நான் வாகன இன்சூரன்ஸில வேலை செய்றன், கிளெய்ம் எண்டு வந்தா முதல் பாக்கிறது எங்க நடந்தது, அது பொதுப் பாதையா எண்டுதான். ஏ, பி ரோட்டெல்லாம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குள்ள வரும், சி, டி மாகாணத்துக்கு, ஊருக்குள்ள ஓடுற சின்ன ரோட்டு பிரதேச சபைக்கு. இதில தார் போட்டதும் இரிக்கி கிரவலும் இரிக்கி, ரெண்டும் ரோட்டுத்தான். ஆனா குளக்கட்டும் வாய்க்கால் ஓரத் தடமும் நீர்ப்பாசனத் திணைக்களம் குளத்தையும் வாய்க்காலையும் பாக்கிறதுக்கு வச்சிரிக்கிற பாதை, அங்க கார் பிரண்டா கவர் இரிக்கி எண்டு வாதாடுறது கஷ்டம். விளக்கம் எழுதல்ல எண்டா நீங்களாவே ஒரு விளக்கம் வச்சிக்கொள்ளாதீங்க, ரெண்டு இடத்திட பேரையும் போட்டு வட்சப்பில கேளுங்க, ஓம் எண்டாலும் இல்ல எண்டாலும் எழுத்தில வரட்டும், போனில சொன்னது பிறகு உதவாது. அடித்தட்டு, டயர், ரிம் சேதத்துக்கு நல்ல ரோட்டில ஓடினாலும் கவர் இல்லாத அக்ரிமென்டுகள் கனக்க, அந்த வரியையும் தேடிப் பாருங்க.

வெள்ளாமைக்காரன்:
நான் உன்னிச்சைப் பக்கம் வயல் செய்றன். ரெண்டு பேரும் காலத்தச் சொல்லல்லயே. ஆகஸ்டில இறுகிக் காஞ்சு கிடக்கிற அதே தடம் மார்கழியில சேறு, ரோட்டெண்டு சொல்ல ஒண்டுமில்ல. மாரியில கிரான் புலிபாய்ந்தகல் ரோட்டுக்கு மேலால தண்ணி பாஞ்சா சனம் வள்ளத்திலதான் போகுது, அது பேருள்ள ரோட்டு. உன்னிச்சைக் குளத்து வான்கதவத் திறந்தா கீழ இரிக்கிற சப்பாத்துப் பாலங்களும் (தண்ணி மேலால பாயிற பதிஞ்ச பாலங்கள்) அப்பிடித்தான், ஒரு அடித் தண்ணி ஓட்டமா நிண்டாலே சின்னக் கார இழுத்திரும், ரெண்டடி எண்டா கெப்பும் நிக்காது.

தடத்தப் பத்திச் சொல்றன் தம்பி. மெசின்ட பின் சில்லு போய்ப் போய் ரெண்டு பக்கமும் பள்ளம், நடுவால மேடு, மேட்டில காஞ்ச புல்லு. பாக்க மட்டமாத்தான் தெரியும், கார் சில்லு பள்ளத்துக்குள்ள இறங்கினாப் பிறகுதான் அடித்தட்டு மேட்டில குந்தும், அதுக்குப் பிறகு எவ்வளவு அமத்தினாலும் சில்லு சுத்துமே தவிர கார் போகாது. இதுக்குப் பயந்து ஒரு பக்கச் சில்ல மேட்டிலயும் மத்தத கரையிலயும் வச்சு ஓட்டுறாங்க. அந்தக் கரைதான் வாய்க்கால் கட்டு! அது இடிஞ்சா கடசி வயலுக்குத் தண்ணி வராது, எங்கட வயல் கடசி வயல், அதாலதான் இவ்வளவு எழுதுறன். ஜீப்பில கூட்டமா வந்து சேறு தேடி வரம்பிலயும் கட்டிலயும் ஏத்திப்போட்டு படம் எடுத்துப் போறாங்க, பிறகு நாங்க மம்பட்டியோட போய்க் கட்டுறம். என்னக் கேட்டா சில்லு தடத்த விட்டு இறங்கினாத்தான் ஓப்ரோட், அத ஒருத்தரும் செய்யாதீங்க. தடத்துக்குள்ள மெதுவா வாற ஆக்கள நாங்க ஒருநாளும் மறிச்சதில்ல.

ஆனைப் பயமும் இரிக்கி. பொழுதுபட முதல் மெயின் ரோட்டுக்கு வந்திருங்க.

பொத்துவில் காக்கா:
ஒகந்தைக்கு நான் சொல்றன். பாணமையில இருந்து அங்கால கிரவல், ஆடித் திருவிழாவுக்கு வேன், ஓட்டோ, பஸ் எல்லாம் போற ரோட்டுத்தான், அத ஓப்ரோட் எண்டு சொன்னா கோயிலுக்குப் போற சனம் முழுக்க ஓப்ரோட் ஓடுது எண்டுதான் வரும். ரோட்டு வரிவரியா எழும்பிக் கிடக்கும், பறக்காம 25, 30ல போங்க, முன்னால போற பஸ்ஸிட புழுதிக்குள்ள ஓடாதீங்க, ஒண்டும் தெரியாது. அங்கயும் ஆனை குறுக்க வரும், ஹோர்ன் அடிக்காம தள்ளி நில்லுங்க. கோயிலுக்குக் கிட்டதான் குமண தேசியப் பூங்காட வாசல். உள்ள போக ஆசையெண்டா ஜீப் பிடிங்க, கார் சரிவராது. 1938ல இருந்து பறவைச் சரணாலயம், ஜீப்பெண்டாலும் குறிச்ச பாதைய விட்டு இறங்க ஏலாது. கடற்கரை மணலில கார இறக்கிறதும் வேணாம், ஜீப்புக்காரங்களே டயர் காத்தப் பாதிக்குக் குறைச்சுத்தான் மணலுக்குள்ள இறங்கிறாங்க.

களுவாஞ்சிப் பொடியன்:
எல்லாருக்கும் பெரிய நன்றி. வட்சப்பில கேட்டன், ஒகந்தைக் கிரவலுக்கு ஓம் எண்டு எழுதி அனுப்பிட்டாங்க, வாய்க்கால் தடத்துக்கு ஏலாதாம், அடித்தட்டு எங்கட பொறுப்பாம். அப்ப கார கிரவல் முடியிற இடத்தில மருதமரத்துக்குக் கீழ விட்டுட்டு மாமாவ சித்தப்பாட மெசின் பெட்டியில ஏத்திக்கொண்டு போகப்போறம். வெள்ளாமைக்கார அண்ணன், அந்த நேரம் அறுவடை எல்லோ, தடத்தில லொறி கிறி நிண்டா விலக இடமிரிக்காதே, எத்தினை மணிக்குப் போனா நல்லம்?

வெள்ளாமைக்காரன்:
காலமையே போங்க. பனி காயாம வெட்டுமெசின் வயலுக்க இறங்காது, நெல்லு ஏத்துற லொறியும் அதுக்குப் பிறகுதான் வரும், ஒம்பது மணிக்கு முதல் தடம் சும்மாதான் கிடக்கும். மாமாவுக்குப் பெட்டியில குந்த ஒரு சாக்கில வைக்கல் அடைஞ்சு போடுங்க, குலுக்கம் குறையும்.