பில்லெட் மூலையில் விரிசல்: தாமிரத்தை எப்படிக் குறைப்பது?

ஷிப்ட்_உருக்கு: வணக்கம். எங்களுடையது மின்சாரத்தால் உருக்கும் ஆர்க் ஃபர்னஸ், முழுக்க ஸ்கிராப் (பழைய இரும்பு). பழைய கார்களை அரைத்து வரும் ஷ்ரெட்டைக் கூட்டியதிலிருந்து ரோலிங்கில் (உருளைகளால் அழுத்தி நீட்டும்போது) பில்லெட் (வார்த்த எஃகுக் கட்டை) மூலைகளில் பொடிப்பொடியாக விரிசல். கந்தகம் சரியாக இருக்கிறது. தாமிரம் 0.38%, வெள்ளீயம் 0.04%. ஆக்ஸிஜன் கூடுதலாக ஊதியும் தாமிரம் அசையவில்லை. என்ன செய்யலாம்?

மெல்ட்ஷாப்_பழசு: அசையாதுங்க. சிலிக்கான், மாங்கனீஸ் எல்லாம் எரிஞ்சு கசடுக்குப் போயிடும், தாமிரம் அப்படிப் போகாது. இரும்புதான் முதல்ல எரியும். ஊத ஊத தாமிர சதவீதம் ஏறத்தான் செய்யும்.

விரிசலுக்கு வித்து, ரோலிங்குக்கு முன்னாடி பில்லெட்டைச் சூடாக்கற ரீஹீட்டிங் ஃபர்னஸ்ல. மேல்பரப்பு இரும்பு காற்றுல ஆக்ஸைடாகிச் செதிலாப் போயிடும், தாமிரம் செதிலுக்கு அடியில தங்கிடும். அது 1085 டிகிரியிலேயே உருகிடுமே! உருகினது கிரெய்ன் (எஃகுக்குள்ள இருக்கற பொடி மணிகள்) இடுக்குல இறங்கி, ரோல் அழுத்தினதும் பிளக்குது. வெள்ளீயம் சேர்ந்தா இன்னும் குறைஞ்ச சூட்டிலேயே உருகும். உங்க சூடு எவ்வளவு?

ஷிப்ட்_உருக்கு: 1150. மில் நின்றால் பில்லெட் உள்ளேயே கிடக்கும்.

மெல்ட்ஷாப்_பழசு: அதான் பார்த்தேன். மில் நிற்கும்போது சூட்டை ஆயிரத்துக்குக் கீழே இறக்குங்க, அதிகப்படி காற்றைக் குறைங்க. செதில் குறைஞ்சா தாமிரம் சேர்றதும் குறையும். நிக்கல் சேர்த்தா விரிசல் தணியும், ஆனா விலை கட்டுபடியாகாது.

வார்ப்பு99: இவ்வளவு எதுக்கு? தாமிரம் கிட்டத்தட்ட இல்லாத பிக் அயர்ன் (தாதுவிலிருந்து எடுத்த இரும்பு) 30% போடுங்க, 0.38 நேரா 0.27 ஆயிடும்.

யார்டு_மேஸ்திரி: கணக்கு சரிதான் தம்பி. ஆனா பிக் அயர்ன் பெரும்பாலும் கோக் எரிச்சு ஊதுலையில எடுக்கறது. ஸ்கிராப் உருக்கி மிச்சம் பிடிச்ச கார்பனை மறுபடி உள்ளே கூப்பிடற வேலை அது. அவசரத்துக்குச் சரி.

கேட்டவருக்கு: ஷ்ரெட்ல மோட்டார் ஆர்மேச்சர் (தாமிரக் கம்பி சுத்தின சுழலும் பாகம்) இருக்கான்னு பாருங்க. தாமிரத்தைக் காந்தம் விட்டுடும்னு பலர் நம்பறாங்க. ஆர்மேச்சர் நடுவுல இரும்பு இருக்கே, சுத்தின கம்பியோட சேர்ந்தே காந்தத்துல ஒட்டி வந்துடும். கன்வேயர் ஓரமா ஆள் நிறுத்திப் பொறுக்குங்க. பொறுக்கினதைத் தனியா வித்தா கூலிக்கு மேலயே வரும்.

ஷிப்ட்_உருக்கு: பார்த்தேன், ஆர்மேச்சர் நிறையவே கிடக்கிறது. கட்டுமானக் கம்பிதான் போடுகிறோம். எவ்வளவு வரை இறக்க வேண்டும்?

யார்டு_மேஸ்திரி: கம்பிக்குப் பொதுவா 0.4 வரை ஓட்டுவாங்க, ஆனா உங்க வெள்ளீயத்துக்கு அது தாங்காது. 0.3-க்குக் கீழே வெச்சுப் பாருங்க. கார் பாடித் தகடுன்னா 0.06 கேட்பாங்க, அது வேற உலகம். தகர டப்பாக் கட்டு வந்தா தனியா ஒதுக்குங்க, வெள்ளீயம் அதுலயும் வரும்.