எழுதிச் சேர்த்த பொன்மொழிகளைப் பேரப்பிள்ளைகளிடம் எப்படிக் கொடுப்பது?

ஆர்.கே. புரம் வாசகர் கேட்கிறார்:

மத்திய அரசுப் பணியில் சேர்ந்து தில்லிக்கு வந்த நாள் முதலாக, மனத்தில் தைத்த வரிகளைக் குறிப்பேடுகளில் எழுதி வைப்பது என் வழக்கம். திருக்குறள், புறநானூறு, ஔவையார் பாடல்கள், காந்தியடிகள், விவேகானந்தர் பெயர்களில் வந்த வாசகங்கள், தினசரி நாட்காட்டித் தாளின் அடியில் அச்சிட்டிருந்தவை என எல்லாம் கலந்து கிடக்கின்றன. பேரனும் பேத்தியும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். வீட்டில் தமிழ் பேசினாலும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். முழுவதையும் புத்தகமாக அச்சிட்டுக் கொடுக்கலாமா, அல்லது சிலவற்றை மட்டும் பொறுக்கிக் கொடுப்பது நல்லதா? தாத்தாவின் உபதேசம் என்று அவர்கள் பரணில் ஏற்றிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

மயூர் விஹாரிலிருந்து:

ஐயா, அச்சகத்துக்குப் போகும் முன்பு எந்த வாசகம் யாருடையது என்பதைச் சரிபார்த்துவிடுங்கள். ‘உலகில் காண விரும்பும் மாற்றமாக நீயே இரு’ என்று காந்தியடிகள் பெயரில் உலவும் வாக்கியம் அந்த வடிவில் அவர் எழுத்தில் இல்லை. நாம் மாறினால் உலகின் போக்கும் மாறும் என்ற கருத்தை அவர் 1913இல் எழுதியிருக்கிறார்; அதுவும் உடல்நலம் பற்றிய கட்டுரைத் தொடரில், பாம்புக்கடியைப் பற்றிப் பேசும் இடத்தில்! ‘எழுமின், விழிமின்’ என்பது கடோபநிடதத்தில் வரும் அழைப்பு. விவேகானந்தர் அதைத் தம் முழக்கமாக்கிக்கொண்டார். ராஜ்காட்டுக்கு எதிரே இருக்கும் தேசிய காந்தி அருங்காட்சியகத்தில் நூலகமும் உண்டு. காந்தி பெயரில் உள்ளவற்றை அங்கே ஒரு நாள் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். இன்றைய பிள்ளைகள் கைப்பேசியில் நொடியில் தேடிவிடுவார்கள். ஒரு பெயர் தவறென்று தெரிந்தால் மற்ற பக்கங்களையும் நம்ப மாட்டார்கள்.

லோதி காலனியிலிருந்து:

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஒற்றை வரியாக எழுதி வைத்தவற்றில் முடிந்தவற்றுக்கு முழுப் பாடலையும் கொடுங்கள். ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்பதை 2007இல் அப்துல் கலாம் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் சொன்னார், 2019இல் பிரதமர் மோடி ஐக்கிய நாடுகள் அவையில் சொன்னார். ஆகவே அந்த வரியைப் பிள்ளைகள் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். ஆனால் கணியன் பூங்குன்றனாரின் அந்தப் பாடல் (புறநானூறு 192) அடுத்த அடியிலேயே தீதும் நன்றும் பிறர் தர வாரா என்கிறது. ஆற்று வெள்ளத்தில் போகும் தெப்பத்தைப் போல உயிர் தன் முறைவழியே போகிறது என்று காட்டி, ‘பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’ என்று முடிகிறது. செயலாளர் அறைக்கு ஒரு குரல், கடைநிலை ஊழியருக்கு வேறு குரல் என்று பேசும் அலுவலகங்கள் நிறைந்த இந்த ஊரில் வளரும் பிள்ளைக்கு, முதல் அடியைவிட அந்த இறுதி அடிகள்தாம் அதிகம் தேவை என்பது என் எண்ணம்.

கரோல் பாக்கிலிருந்து:

வணக்கம் ஐயா. என் அப்பாவும் இப்படி ஒரு நோட்டு வைத்திருந்தார். அதில் ‘காலத்தி னாற்செய்த நன்றி சிறிதெனினும் ஞாலத்தின் மாணப் பெரிது’ என்ற குறளுக்குக் கீழே, பென்சிலில், ‘கீழ் வீட்டு பீஜி கொடுத்த ரஜாய்’ என்று மட்டும் எழுதியிருக்கும். அப்பா இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், போர்த்திக்கொள்ள ஒரு பருத்திப் போர்வைதான் இருந்ததாம். அதைப் பார்த்த பஞ்சாபி வீட்டுக்காரம்மா, கேட்காமலே தம் வீட்டு ரஜாய் (பஞ்சு அடைத்த தடித்த போர்வை) ஒன்றை மாடிக்குக் கொடுத்தனுப்பினாராம். நூற்று இரண்டாவது குறளைப் பள்ளியில் நான் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன். ஆனால் அது எனக்குப் புரிந்தது அந்தப் பென்சில் எழுத்தால்தான். ஆகவே எதை எப்போது, எதற்காக எழுதினீர்கள் என்பதை ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டு வரி எழுதுங்கள். காரணம் நினைவுக்கு வராதவற்றை விட்டுவிடலாம். பொறுக்கும் வேலை அதிலேயே பாதி முடிந்துவிடும்.

துவாரகாவிலிருந்து:

எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தேதி தவறாமல் சம்பளம் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பொன்மொழி எதற்கு? பார்க்காத பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

ஆர்.கே. புரம் வாசகர்:

அனைவருக்கும் நன்றி. துவாரகா நண்பர் சொல்வது சரிதான். ஆனால் நான் பணியில் இருந்த காலத்தில் நடந்துகொண்டதைப் பார்க்கப் பேரப்பிள்ளைகள் அப்போது பிறக்கவே இல்லையே. அதனால் கரோல் பாக் அம்மா சொன்ன வழியையே பின்பற்றப் போகிறேன். அச்சு இப்போதைக்கு வேண்டாம். பள்ளியின் குளிர்கால விடுமுறையில் நான் காரணத்தைச் சொல்ல, பேத்தி அதைத் தன் கையெழுத்தில் தமிழில் எழுதட்டும். எழுத்துப் பழக்கமும் வரும். இன்னொரு சங்கடம்: சில பக்கங்களை முன்பு பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்தேன், இப்போது திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. அவற்றை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றத் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.