ஆந்திரா பட்டதாரி எம்.எல்.சி. ஓட்டு: 2 போட்டால் 1 போட்டவருக்கு நட்டமா?

நகரி_தறி
நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் உள்ள நம்ம ஆட்களுக்காகக் கேட்கிறேன். சட்டசபைக்குப் பொத்தான் அமுக்கித்தான் பழக்கம். பட்டதாரிகள் மட்டும் போடும் இந்த எம்.எல்.சி. (சட்ட மேலவை) ஓட்டுக்கு விருப்ப வரிசையில் 1, 2 என்று எண் எழுத வேண்டுமாம். "1 மட்டும் போடு, 2 போட்டால் நம்ம ஆளுக்கு விழுந்தது பிரிந்துபோகும்" என்று கட்சிக்காரர்கள் சொல்கிறார்கள். நிஜமா? டிகிரி சென்னையில் வாங்கியிருந்தால் இங்கே ஓட்டு உண்டா?

மேசை14
பிரியாது. இந்தத் தொகுதியில் ஒரே இடம்தான். உங்கள் 1 வாங்கியவர் களத்தில் இருக்கிறவரை உங்கள் 2 யாருக்கு என்று யாரும் பார்ப்பதே இல்லை. அவர் வெளியேறின பிறகுதான் அந்தச் சீட்டை எடுத்து 2 பார்ப்பார்கள்.

கணக்கு இதுதான். செல்லும் ஓட்டை 2-ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டு, 1 கூட்டினால் வருவது கோட்டா, அதாவது ஜெயிக்கத் தேவையான ஓட்டு. 1,001 செல்லும் ஓட்டு என்றால் கோட்டா 501. அ 440, ஆ 400, இ 161 என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் எட்டவில்லை, கடைசி ஆள் இ வெளியே. அவருடைய 161 சீட்டில் 100 ஆ-வுக்கு, 31 அ-வுக்கு 2 போட்டிருக்கின்றன. மீதி 30-ல் 1 மட்டும்தான். அந்த 30 செத்த சீட்டு, தனியாகக் கட்டி வைத்துவிடுவார்கள். இப்போது ஆ 500, அ 471. கோட்டா குறையாது, அதே 501. அடுத்து அ வெளியே, களத்தில் மிச்சம் ஆ ஒருவர்தான், கோட்டாவைத் தொடாமலே ஜெயிக்கிறார். அந்த 30 பேரும் அ-வுக்கு 2 போட்டிருந்தால் அ 501 வாங்கி வென்றிருப்பார். "1 மட்டும் போடு" என்பவர் யாருக்கு வேலை செய்கிறார் என்று நீங்களே பாருங்கள்.

ஒரு இடத்துக்கு மேல் உள்ள ராஜ்யசபா தேர்தலில் கணக்கு வேறு. அங்கே கோட்டாவுக்கு மேல் விழுந்த உபரி ஓட்டையும் அடுத்தவருக்கு மாற்றுவார்கள், ஒவ்வொரு ஓட்டுச் சீட்டுக்கும் 100 மதிப்பு வைத்து எண்ணுவார்கள். அதை இதோடு குழப்ப வேண்டாம்.

பாரம்18
ஓட்டு உண்டு, ஆனால் தானாக வராது. சட்டசபைப் பட்டியலில் பேர் இருப்பது இதற்குப் போதாது. இந்தப் பட்டியலை ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாகவே தயாரிக்கிறார்கள். 2023-ல் போட்டவரும் மறுபடி பாரம் 18 (பேர் சேர்க்கும் விண்ணப்பம்) கொடுக்க வேண்டும். (ஆசிரியர் தொகுதிக்குப் பாரம் 19.) இந்தியாவில் உள்ள எந்தப் பல்கலைக்கழகமானாலும் சரி, சென்னைப் பல்கலைக்கழகம் தடையே இல்லை. பார்ப்பது இரண்டு: தொகுதிக்குள் குடியிருப்பு, தகுதி நாளான நவம்பர் 1-க்கு 3 வருடம் முன்பே டிகிரி முடித்திருப்பது. வேலைக்காகத் திருவள்ளூரில் குடியேறிவிட்டவருக்குக் கிடையாது.

உங்கள் பக்கம் வரும் பிரகாசம்–நெல்லூர்–சித்தூர் பட்டதாரி தொகுதிக்குக் கடைசித் தேர்தல் மார்ச் 2023-ல் நடந்தது. பதவி 6 வருடம், ஆகவே அடுத்தது 2029. தகுதி நாள் 1-11-2028 என்று வந்தால், 2025 நவம்பருக்கு முன் டிகிரி முடித்தவர்கள்தான் சேர முடியும். டிகிரி நகலில் சான்றொப்பம் வாங்கி, அசலையும் கையில் கொண்டு போங்கள். கட்டுக்கட்டாக ஒருவரே கொண்டுவந்து கொடுக்கும் பாரங்களை வாங்க மாட்டார்கள். கட்சிக்காரரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தால் பேர் வராது.

ஊதா_மை
செல்லாமல் போவது எண்ணுகிற மேசையில் இல்லை, எழுதுகிற இடத்தில். சாவடியில் தரும் ஊதா ஸ்கெட்ச் பேனாவால் மட்டுமே எழுத வேண்டும். சட்டைப்பை பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் தள்ளிவிடுவார்கள். டிக், பெருக்கல் குறி, "ஒன்று" என்று எழுத்தில் எழுதுவது எதுவும் ஆகாது. 1 இல்லாவிட்டால், இரண்டு பேருக்கு 1 இருந்தால், ஒரே பேருக்கு எதிரில் 1-ம் 2-ம் இருந்தால், முழுச் சீட்டும் போச்சு. 1 போட்டு 2 விட்டு 3 போட்டால் 1 மட்டும் செல்லும், அதற்கு மேல் செத்த சீட்டு. எண்ணைக் கட்டத்தின் நடுவில் எழுதுங்கள். இரண்டு பேருக்கு நடுக்கோட்டில் ஏறினால் யாருக்கு என்ற சண்டை வரும். சீட்டில் சின்னம் கிடையாது, வேட்பாளர் பேரை முன்கூட்டியே மனசில் வைத்துக்கொண்டு போங்கள். 2021-ல் ஹைதராபாத்–ரங்காரெட்டி–மகபூப்நகர் பட்டதாரி தொகுதியில் 93 பேர் நின்றார்கள். அந்த மாதிரி சீட்டில் சின்னம் இல்லாமல் ஆளைத் தேடிப் பாருங்கள், தெரியும்.

நகரி_தறி
தெளிவாச்சு, நன்றி சார். இதே முறையைச் சட்டசபைக்கும் கொண்டுவந்தால் என்ன?

மேசை14
ஆஸ்திரேலியாவில் கீழவைக்கே இப்படித்தான், அதுவும் எல்லாக் கட்டத்திலும் எண் போட்டாக வேண்டும். அங்கே செத்த சீட்டு விழாது, ஆனால் பிடிக்காதவருக்கும் ஒரு எண் எழுதித்தான் ஆக வேண்டும். நாம் விருப்பத்துக்கு விட்டதால் வரும் விலைதான் மேலே சொன்ன அந்த 30. சட்டசபைக்குக் கொண்டுவந்தால் 30, 35 சதவீதத்தில் ஜெயிப்பது குறையும் என்பது என் கருத்து. ஆனால் இப்போதுள்ள மெஷின் ஒரு பொத்தானுக்காகச் செய்தது. அதையும் மாற்றணும், செல்லாத ஓட்டும் திரும்ப வரும்.

நகரி_தறி
கடைசியா ஒண்ணு. தமிழ் எண்ணில் எழுதலாமா?

ஊதா_மை
விதிப்படி எட்டாவது அட்டவணை மொழி எதன் எண்ணும் செல்லும், ரோமன் I-ம் செல்லும். ஆனால் ௧ பார்க்க 'க' மாதிரி, ௨ பார்க்க 'உ' மாதிரி. தெலுங்கு மேசையில் அதை இனிஷியல் என்று ஒரு ஏஜென்ட் சொன்னால் போதும், வாதம்தான். 1, 2 என்றே எழுதுங்கள். பழக்கத்தில் சீட்டின் தலையில் பிள்ளையார் சுழியும் போட்டுவிடாதீர்கள். அடையாளக் குறி என்று சீட்டே தள்ளுபடி.